எர்த்டாக் தேர்வு: முப்பது அடிச் சுரங்கத்தில் டெரியரின் வேட்டைத் திறன் எவ்வளவு தெரியும்?

சின்ன ரக டெரியர் நாயிடம் இரையைத் தேடி வளைக்குள் இறங்கும் குணம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அமெரிக்கன் கென்னல் கிளப் 1994 முதல் நடத்திவருவது எர்த்டாக் தேர்வு. டெரியர்களுக்கும் டாக்ஸ்ஹண்டுகளுக்கும் உரியது. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருந்தால் போதும். இதில் பட்டம் வாங்கிய நாயை "வேட்டைக்குத் தயார்" என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. அங்கேதான் சிக்கல். குணம் இருக்கிறதா என்று பார்க்க இது நல்ல தேர்வு. வேலைக்கு ஆகுமா என்ற கேள்விக்குப் பாதி பதில்தான் தரும்.

பள்ளம் வெட்டி, உள்ளளவு 9 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள மரச் சுரங்கத்தை இறக்கி, மேலே மூடிவிடுகிறார்கள். பக்கங்களும் கூரையும் மரம், தரை வெறும் மண். கடைசியில் மரக் கம்பிகள், அதற்குப் பின்னால் கூண்டில் எலிகள். நாயின் பல்லும் நகமும் எலியை எட்டாது. பழகிய எலிகள் அரை அடி தூரத்தில் நாய் தொண்டை கிழியக் குரைத்தாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். எலிகளின் பாதுகாப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

முதல் சுற்று வெறும் அறிமுகம்: 10 அடி, ஒரே ஒரு திருப்பம். அடுத்த நிலையான ஜூனியரில் 30 அடி, மூன்று செங்கோணத் திருப்பங்கள். வாசலுக்கு 10 அடி முன்னால் நாயை விட வேண்டும். 30 நொடிக்குள் எலியை எட்டி, 60 நொடி விடாமல் வேலை செய்ய வேண்டும். குரைப்பது, உறுமுவது, மண்ணைப் பறிப்பது, கம்பியைக் கடிப்பது எல்லாம் வேலைதான். நாயை விட்டபின் உரிமையாளர் வாயைத் திறக்கக் கூடாது, அசையவும் கூடாது. இந்த இடத்தில் நாயைவிட மனிதர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். நாய் வாசலில் தயங்கியதும் கையைக் காட்டி "போ, போ" என்று இன்னொரு முறை சொன்னால் கதை முடிந்தது.

அதற்கும் அடுத்த நிலையான சீனியரில்தான் தேர்வுக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. நாயை விடும் தூரம் கூடுகிறது. சுரங்கத்தில் ஒரு போலி வெளிவழியும், எலி படுத்த வைக்கோலைப் போட்ட ஒரு முட்டுச்சந்தும் சேர்கின்றன. எட்ட 90 நொடி, வேலைக்கு 90 நொடி. பிறகு எலிகளை எடுத்துவிடுவார்கள். கூப்பிட்டால் 90 நொடிக்குள் நாய் வெளியே வர வேண்டும். நிஜ வேட்டையில், நாய் குரைக்கும் இடத்தைத் தோண்ட மண்வெட்டியோடு மேலே நிற்பவருக்கு இதுதான் மிக முக்கியம். காலியான வளையை விட்டு வர மறுக்கும் நாயால் பொழுது முழுக்க வீணாகும். ஜூனியரை ஒரே மூச்சில் தாண்டும் ரஸ்ஸல் வகை நாய்கள் இங்கே மாட்டிக்கொள்வது சகஜம். ஆவேசம் அதிகம், கூப்பிட்டாலும் காதில் ஏறாது. வீட்டிலும் புல்வெளியிலும் அழகாக வரும் நாய், எலி மணம் மூக்கில் ஏறியபின் வராது. கூப்பிட்டு வரும் பழக்கத்தைச் சுரங்கத்திலேயே, மணமுள்ள இடத்திலேயே தனியாகப் பழக்க வேண்டும்.

கடைசி நிலையான மாஸ்டரில் இரண்டு நாய்கள் சேர்ந்து நடக்கின்றன. வழியில் ஒரு காலி வளையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சுரங்கத்தில் ஓரிடம் 6 அங்குலமாகக் குறுகுகிறது. குறுக்கே ஒரு குழாய்த் தடையும் உண்டு. மொத்தத் தேர்விலும் நாயின் உடம்பை உண்மையாகச் சோதிக்கும் இடம் இந்தக் குறுகல் மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். 9 அங்குலச் சதுரத்தின் சுற்றளவு 36 அங்குலம். 6 அங்குல விட்டமுள்ள வட்டத் துளை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் சுற்றளவு 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. மார்புச் சுற்றளவு 14 அங்குலம் உள்ள நாய் அந்தத் துளையில் முன்காலை மடக்கி நகரலாம், பின்னால் வரலாம், காற்றும் போகும். 17 அங்குல நாய் பாட்டிலில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். ஆனால் ஜூனியர், சீனியர் சுரங்கங்களில் இரண்டு நாய்க்கும் ஒரே முடிவுதான். ஜாக் ரஸ்ஸலுக்கான சர்வதேசத் தரவரையறை முழங்கைக்குப் பின்னால் 40 முதல் 43 செ.மீ. என்று சொல்வது, அதாவது 16, 17 அங்குலம், இந்தக் கணக்கில் ஏற்கனவே மேல் எல்லை.

அதனால் சான்றிதழைப் பார்க்கும் முன் நாயைக் கையால் அளந்துவிட வேண்டும். பின்னால் நின்று, முன்கால்கள் தரையை விட்டு எழும்படி நாயைத் தூக்கி, முழங்கைக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடியுங்கள். கட்டைவிரல்கள் முதுகெலும்பின் மேல் சேர வேண்டும், நடுவிரல்கள் அடியில் தொட வேண்டும். மெல்ல அழுத்தினால் விலா கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். பீப்பாய் போல உருண்ட விலா அழுங்காது. அப்படிப்பட்ட நாய் நெருக்கத்தில் மாட்டிக்கொள்ளும். உயரத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 14 அங்குல உயரத்து லேக்லாண்ட் டெரியர், மார்பு ஒடுக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்துப் போய்விடும். 10 அங்குலமே உயரமுள்ள ஸ்காட்டி டெரியர் அகலத்தால் நின்றுவிடும்.

ரகங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். பார்டர் டெரியர் மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். எட்டு மாதத்தில் எலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாய் ஒன்றரை வயதில் அபாரமாக வேலை செய்வதுண்டு. முதல் முயற்சியை வைத்து அதைக் கழித்துக் கட்டுவது தவறு. நார்ஃபோக்கும் நார்விச்சும் களஞ்சியத்து எலிக்குத் தரைக்கு மேலே பிரமாதம். கெயர்ன், வெஸ்டி இரண்டுக்கும் அடி தடித்த வலுவான வால். வளையிலிருந்து இழுக்கப் பிடி அதுதான். கண்காட்சிக்காக வளர்த்த மென்மையான ரோமம் மட்டும் ஈரமண்ணை அள்ளிக்கொண்டு வரும்.

தேர்வு சரியாக மதிப்பவற்றில் குரலும் ஒன்று. மண்ணுக்கடியில் எங்கே தோண்டுவது என்று மேலே நிற்பவருக்குச் சொல்வது குரல்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 வேட்டைச் சட்டம் நிலத்தடி வேலையைச் சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காக்க மட்டுமே, ஒரு நேரத்தில் ஒரு நாய் என்ற கட்டுப்பாட்டோடு அனுமதிக்கிறது. அங்கே வேண்டப்படுவதும் பாய்ந்து கடிக்காமல் தள்ளி நின்று குரைக்கும் "சாஃப்ட்" நாய்தான். கம்பியைக் கடித்துக் குதறும் நாய் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். வளைக்குள் அதே நாய் முகம் கிழிந்து வரும்.

தேர்வு தொடாத விஷயங்களும் உண்டு. திருப்பிக் கடிக்கும் விலங்கு இல்லை. வளை தோண்டி வாழும் கொறிணியான வுட்சக் போலத் தனக்குப் பின்னால் மண்ணைத் தள்ளி வழியை அடைத்துக்கொண்டு மேலும் தோண்டிப் போகும் விலங்கும் இல்லை. அதிகபட்சம் 90 நொடி குரைத்தவன், மணிக்கணக்கில் குரைப்பானா என்று யாருக்கும் தெரியாது. மூச்சுக் காற்று குறையும் இடம் இல்லை. துர்நாற்ற நீரைப் பீச்சும் ஸ்கங்க் இல்லை. இது சிரிக்கும் விஷயமல்ல: மூடிய வளைக்குள் ஸ்கங்க் பீச்சினால் நாய் மூச்சுத் திணறும், ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், சாகவும் கூடும்.

வீட்டில் பழக்குவதற்குச் சுரங்கம் செய்கிறவர்கள் 4 அடித் துண்டுகளாக, மேல்பலகையைத் திறக்கிற மாதிரிச் செய்வது நல்லது. உள்ளே நாய் நின்றுவிட்டால் அந்தத் துண்டை மட்டும் திறக்கலாம். மூலைகளில் வெளிச்சம் கசிந்தால் நாய் அங்கேயே நின்று கீறும். பழைய கம்பளத் துண்டைப் போட்டு மண்ணால் மூடுங்கள். கம்பிக்கு உருண்டைக் கட்டைதான், இரும்பு வலை கூடாது. அதைக் கடித்தால் பல் உடையலாம். எலிக்கூண்டின் வைக்கோலை நீரில் ஊறவைத்து, அந்த நீரை வாசலிலிருந்து உள்ளே வரை சொட்டுவிட்டால் மணவழி தயார். நேரான 5 அடியில் தொடங்கி, தயக்கமில்லாமல் ஓடியபின் ஒரு திருப்பம் சேருங்கள். நாய் இன்னும் வேண்டும் என்று துடிக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். எலிகளுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். மாற்று எலிகளும் வேண்டும். நாய்க்கு எலிக்காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி கட்டாயம்.

வாங்குகிறவர்களுக்கு: ஜூனியர் பட்டத்தை ஆர்வம் உண்டு என்பதற்கு ஆதாரமாக மட்டும் எடுங்கள், சீனியருக்குக் கூடுதல் விலை தரலாம், மாஸ்டராக இருந்தாலும் கையால் மார்பை அளக்காமல் வாங்காதீர்கள். நிஜ வளைக்கு இறக்கும்போது சாதாரணக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு (வேரில் மாட்டும்), சிக்னல் அனுப்பும் லொக்கேட்டர் காலரை மட்டும் இறுக்கமாகப் போடுங்கள். பேட்டரியைப் புதிதாக மாற்றி, ரிசீவரை மேலே வைத்துச் சரிபார்த்தபின் இறக்குங்கள். முதல் சில தடவை ஆழமில்லாத வளை, மணல் கலக்காத உறுதியான மண். மண்வெட்டி, கண் கழுவ உப்புநீர், குடிக்கத் தண்ணீர் மூன்றும் வாசலிலேயே இருக்கட்டும்.