ஹட்டன் மலையில் பத்து நாள்: இளைஞர் முகாமில் தன்னார்வப் பணி

சம்பா அறுவடை முடிந்த கையோடு, மன்னார்குடியிலிருந்து திருச்சி சென்று விமானம் ஏறி, இலங்கையின் ஹட்டன் அருகே தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்காக நடந்த தலைமைப்பண்பு, வாழ்க்கைத்திறன் முகாமில் பத்து நாள் தன்னார்வலராகப் பணியாற்றினேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், பிறர் நிலை உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றுக்கே இங்கே முதலிடம். விரிவுரை குறைவு, செய்துபார்த்தல் அதிகம் என்பதே இதன் பெரும் பலம். மூன்று நாள் வாய் திறவாத சிறுமி ஒருத்தி, நான்காம் நாள் சமையற்கட்டுப் பொறுப்பை ஏற்று, அரிசி களைவது யார், பாத்திரம் துலக்குவது யார் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, விறகு சுமக்கும் வேலைக்கு நேரே தன் பெயரை எழுதிக்கொண்டாள். அந்தச் சாக்பீஸ் எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தங்குமிடமும் சாப்பாடும் போதுமானவை. ஆனால் நாம் கட்டும் கட்டணத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவு போகிறது என்று இருமுறை கேட்டும் அமைப்பாளர்களிடமிருந்து கணக்கு வரவில்லை. சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியை ஒரே மணி நேரத்தில் முடித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்தப் பிள்ளைகளோடு பேச முடிவதால் நம் தஞ்சைப் பகுதி இளைஞர்கள் தாராளமாகப் போகலாம். செலவு விவரத்தை எழுத்தில் பெற்ற பிறகு பணம் கட்டுங்கள், கம்பளியை மறக்காதீர்கள்.