ஐந்து வருட டீசலும் ஓர் ஆரஞ்சு விளக்கும்

போன வாரம் வண்டி மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டியில் அடைப்பு. ஐந்து வருடத்தில் இது இரண்டாவது தடவை. அதே வாரம் பார்த்து நண்பன் கேட்கிறான், "நானும் டீசல் எடுக்கலாம்னு இருக்கேன், எப்படி?" கேட்ட நேரம் சரியில்லை. ஆனாலும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லப் பார்க்கிறேன்.

இழுவையைக் குறை சொன்னால் பாவம். ஐந்து பேர், பெட்டிகள், ஏசி எல்லாவற்றோடும் மலை ஏறும்போது இன்ஜின் வேகம் 1,500 ஆர்பிஎம்மைத் தாண்டிவிட்டால் போதும், கியரைக் குறைக்காமலே போய்க்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் எரிபொருள் முள் இறங்குகிறதா என்றே சந்தேகம் வரும்.

தொல்லை முழுக்க டாஷ்போர்டில் எரியும் அந்த ஆரஞ்சு டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கில்தான். என் அலுவலகம் 4 கிலோமீட்டர் தூரம். டீசல் இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும்; வெப்பமுள் நடுவுக்கு வருவதற்குள் நான் பார்க்கிங்கில் இருப்பேன். புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப், அதை எரித்துத் தீர்க்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும் என்கிறது. அதற்காக இன்ஜின் தானே கூடுதல் டீசலைத் தெளித்து எரிக்கத் தொடங்கும். பத்து, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் வேலை முடிந்தது. நானோ பாதியில் சாவியைத் திருப்பிவிடுவேன். மறுநாள் மறுபடி ஆரம்பம், மறுபடி பாதி.

இப்போது கரி எரிந்துகொண்டிருப்பதற்கான அறிகுறிகளெல்லாம் அத்துப்படி. நின்றிருக்கும்போது ஆர்பிஎம் கொஞ்சம் ஏறியிருக்கும், வண்டியை அணைத்த பிறகும் விசிறி உறுமும், சூட்டு வாடை வரும். உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போவேன். டீசலைச் சேமிக்க டீசல் வண்டி வாங்கியவன், கரியை எரிக்க டீசல் செலவழித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்!

ஆயில் கதை தனி. ஆறு மாதம் ஆகியும் ஆயில் பார்க்கும் குச்சியில் அளவு குறையவே இல்லை என்று முதலில் பெருமைப்பட்டேன். அப்புறம் பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. பாதியில் நின்றுபோன ஒவ்வொரு எரிப்பிலும் எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்கு ஆகாது. அதனால் குறித்த தேதிக்கு முன்பே ஆயிலை மாற்றுகிறேன்.

இதில் வண்டியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. வாங்கும்போது "வருஷத்துக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார்கள். 12,000 என்றேன். பொய்யில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் மூன்று நான்கு நெடும்பயணங்கள். மிச்சமெல்லாம் நான்கு நான்கு கிலோமீட்டராகச் சேர்ந்தது. "ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எத்தனை நிமிஷம் ஓட்டுவீர்கள்?" என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியது அந்தக் கேள்விதான்.

பெட்ரோலுக்கும் குளிர்ந்த இன்ஜினில் குட்டிப் பயணம் நல்லதல்ல. ஆனால் சீக்கிரம் சூடாகிவிடும், இப்படி விளக்குப் போட்டு மிரட்டாது. நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு, இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பொருத்தம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அந்த லாபம் குறைந்துவிடும். தினம் ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓட்டுகிறவர் டீசல் எடுக்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

நண்பனிடமும் ஒரு தடவைக்கு எவ்வளவு ஓட்டுவாய் என்றுதான் கேட்டேன். ஒரு தடவைக்கு 6 கிலோமீட்டர் என்றான். "பெட்ரோல் எடு, பேச்சே வேண்டாம்" என்றேன்.

"அப்போ உன் வண்டியை வித்துடறியா?"

விற்கமாட்டேன். அடுத்த மாதம் மலைக்குப் போகிறோம்.

சரி, கிளம்புகிறேன். சாயங்காலம் வண்டியை நிறுத்தியபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் சுற்றிவிட்டு வர வேண்டும்.