ஃபெடோரா பேக்கேஜிங் விதிமுறைகள்: சட்டம் சரி, தண்டோராதான் காதில் விழவில்லை

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அதில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பதினொரு இயந்திரங்கள், பதினொன்றிலும் ஃபெடோரா லினக்ஸ் என்ற இயங்குதளம். எங்களுக்கென்று நானே எழுதிக்கொண்ட சில்லறை மென்பொருள் ஏழு இருக்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கும் மேட்டரை யூனிகோடாக்கும் பைத்தான் கருவி, மாதத் தேதிகளைக் கட்டம் போட்டுத் தரும் ஸ்கிரிப்ட், இந்த மாதிரி. ஏழையும் ஃபெடோரா நிறுவிக்கொள்ளும் பொட்டலமான ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டி, ஆபீஸ் சர்வரில் ஒரு ரெப்போவில், அதாவது பேக்கேஜ் கிடங்கில், வைத்திருக்கிறேன். யார் எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் ஒரு அப்டேட்டில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் பேக்கேஜ்களை எப்படிக் கட்டவேண்டும் என்று ஃபெடோரா வைத்திருக்கும் விதிமுறைத் தொகுப்பைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். பேக்கேஜிங் கமிட்டி என்று ஒரு குழு அதைப் பராமரிக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு வரியும் மூன்றில் ஒரு ரகம்: கட்டாயம் செய், செய்வது நல்லது, விருப்பமிருந்தால் செய். கட்டாயம் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஆபீஸுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு எதற்கு ஃபெடோராவின் சட்டம் என்று எங்கள் பையன்களே கேட்டதுண்டு. பேக்கேஜ் கட்டும் கருவிகளும் மேக்ரோக்களும் (பல கட்டளைகளை அடக்கிய ஒற்றைச் சொற்கள்) அந்த விதிகளை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆயுள் ஏறக்குறைய பதின்மூன்று மாதம். வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறவர்கள் சாமான்களை ஊர் வழக்கப்படி கட்டிவைத்தால்தான் வண்டியில் ஏறும்.

2025 மே மாதம் 40-லிருந்து 42-க்கு மாறினோம். காலண்டர் தொழிலில் அதற்கு அந்த நேரத்தை விட்டால் ஆகாது. ஆடிப் பதினெட்டில் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வந்துவிட்டால் டிசம்பர் வரைக்கும் மூச்சு விட முடியாது. ஏழு பேக்கேஜில் நாலு முதல் நாளே கட்ட மறுத்துவிட்டன.

முதல் இரண்டும், மூல நிரலில் திருத்தத்தை ஒட்டச் சொல்லும் பேட்ச் வரியில் விழுந்தன. பேட்ச் என்ற சொல்லோடு எண்ணை ஒட்டி எழுதுவது பழைய பழக்கம். இப்போது எண்ணைத் தனியாக, பெரிய பி-யோடு தரவேண்டும். 42-ல் வரும் ஆர்பிஎம் கருவியின் 4.20 பதிப்பு பழைய எழுத்தை ஏற்பதில்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 40-ல் கட்டும்போதெல்லாம் அது எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கடைசி வரியில் பில்ட் முடிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

மூன்றாவதாக விழுந்தது பாமினி கருவி. அதன் ஸ்பெக் ஃபைல், அதாவது பேக்கேஜைக் கட்டும் செய்முறைக் குறிப்பு, பழைய பைத்தான் முறையில் எழுதியது. பழைய முறைக்கு இந்தத் தொகுப்பில் இப்போது 201எக்ஸ் (2010-களின்) காலத்து விதிகள் என்று பெயர். புகைப்பட ஆல்பத்தில் தாத்தா படத்துக்குக் கீழே எழுதுகிற மாதிரி. அதைத் தனிப் பக்கமாக ஒதுக்கி, புது வேலைக்கு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். புது முறையில் ஸ்பெக் ஃபைலை முழுக்கத் திருப்பி எழுதினேன். 68 வரி 37 ஆனது. முன்பெல்லாம் எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று நான் கையால் பட்டியல் போடுவேன், மூல நிரலில் இன்னொரு பட்டியல் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. இப்போது ஜெனரேட் பில்ட்ரிக்வயர்ஸ் என்ற பகுதி மூல நிரலின் பட்டியலையே படித்துத் தேவையைச் சொல்லிவிடுகிறது. எந்தெந்தக் கோப்புகள் பேக்கேஜுக்குள் போகவேண்டும் என்பதையும் சேவ் ஃபைல்ஸ் மேக்ரோ பார்த்துக்கொள்கிறது. அதற்குச் சின்ன எல் ஒன்றைச் சேர்த்துக்கொடுத்தால், உரிமக் கோப்பு இல்லாத பேக்கேஜைக் கட்டவே மறுக்கும்.

ஆனால் இந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நான் வெறும் ஆர்பிஎம்பில்ட் கட்டளையைத்தான் ஓட்டினேன். தேவைகள் இல்லை என்று சொல்லி, 11 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. பக்கத்தில் பில்ட்ரெக்ஸ், நோசோர்ஸ் என்று முடியும் ஒரு விசித்திரமான ஆர்பிஎம் கோப்பு கிடந்தது. தப்பு எங்கே என்று முக்கால் மணி நேரம் தேடினேன். தப்பே இல்லை! அந்தக் கோப்பை, மென்பொருள் நிறுவும் டிஎன்எஃபின் பில்ட்டெப் கட்டளைக்குக் கொடுத்து, வேண்டியதை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டவேண்டும். தனியாக ஒரு சுத்தமான சூழலை உருவாக்கி அதற்குள் கட்டும் மாக் கருவியில் கட்டியிருந்தால் அதுவே இதையெல்லாம் செய்திருக்கும். மாக்கில் கட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. என்னைப் போல ஓரத்தில் உட்கார்ந்து கட்டுகிறவர்களுக்குத்தான் விதி சுருங்கச் சுருங்க மேக்ரோவுக்குள் என்ன நடக்கிறது என்பது மறைந்துபோகிறது.

அப்புறம் ஸ்பெக் ஃபைலின் செக் பகுதி, கட்டியது ஓடுகிறதா என்று சோதிக்கும் இடம். பைத்தான் பேக்கேஜுக்குச் சோதனைகள் ஓட்ட வழியில்லை என்றால் குறைந்தபட்சம் மாட்யூலை இம்போர்ட் செய்து பார்ப்பது போன்ற ஒரு எளிய சோதனையாவது ஓட்டு, இது கட்டாயம் என்கிறது விதி. எல்லா மாட்யூலையும் இம்போர்ட் செய்து பார்க்கும் மேக்ரோவை, சடங்குக்கு ஒரு வரி என்று நினைத்துத்தான் சேர்த்தேன். பில்ட் அங்கேயே நின்றது. கருவிக்குள் எப்போதோ நான் எழுதி மறந்துபோன ஒரு மாட்யூல் வலைப்பக்க வேலைக்கான சிஜிஐ லைப்ரரியைக் கூப்பிடுகிறது. பைத்தான் 3.13-ல் அது கிடையாது. வழக்கொழிந்த பத்தொன்பது லைப்ரரிகளை அந்தப் பதிப்பில் மொத்தமாக எடுத்துவிட்டார்கள், அதில் இதுவும் ஒன்று. 42-ல் ஓடுவது 3.13. அந்த ஒரு வரி இல்லையென்றால் பேக்கேஜ் அழகாகக் கட்டப்பட்டுப் பதினொரு இயந்திரத்துக்கும் போயிருக்கும். ஆல்பம் நேரத்தில் யாராவது பாமினி மேட்டரை வலைப்பக்கமாக மாற்றப் பார்த்து, என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இந்த விதிக்காக மட்டுமே தொகுப்புக்கு அரை நட்சத்திரம் கூடுதலாகத் தருகிறேன்.

உரிமப் பகுதியில் நான் எதிர்பார்த்ததைவிட நேரம் போனது. திறந்த மூல உரிமங்களைக் குறிக்க முன்பு ஃபெடோராவுக்கென்று சொந்தச் சுருக்கெழுத்து இருந்தது: ஜிபிஎல்வி2+, பிஎஸ்டி, எம்ஐடி. 2022 நடுவிலிருந்து எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுக் குறியீட்டுக்கு மாறிவிட்டார்கள். ஜிபிஎல்வி2+ இப்போது ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர். மாற்றிக்கொடுக்க லைசென்ஸ் ஃபெடோரா2எஸ்பிடிஎக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஜிபிஎல்லை உடனே மாற்றித் தந்தது. பிஎஸ்டி என்று கொடுத்ததும், இதற்குப் பல பொருள் உண்டு, நீயே பார்த்துக்கொள் என்று பட்டியலை நீட்டிவிட்டது. பாமினி அட்டவணையை நான் இன்னொருவர் நிரலிலிருந்து எடுத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவருடைய உரிமக் கோப்பைத் திறந்து முழுதாகப் படித்தேன். எழுதியவர் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யாதே என்ற மூன்றாவது பிரிவு அதில் இருந்தது. ஆக பிஎஸ்டி-3-கிளாஸ், அதாவது மூன்று பிரிவு பிஎஸ்டி. பெரிய உரிமம் சின்னதை விழுங்கிவிடும் என்று சொல்லி ஜிபிஎல்லை மட்டும் எழுதிவிட்டுப் போகவும் முடியாது. உள்ளே இருக்கும் அத்தனையையும் எழுது, நீயாகக் கூட்டிக் கழிக்காதே என்கிறார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பிஎஸ்டி என்று மொட்டையாக எழுதியிருந்த பழைய வரி பொய் இல்லை என்றாலும் சோம்பல்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் கட்டளைகள் இருந்த எஸ்பின் (sbin) அடைவு 42-ல் பின் (bin) அடைவோடு கலந்துவிட்டது. நான் பாதையைக் கையால் எழுதிவைத்திருந்த நாலாவது பேக்கேஜ் அதனால்தான் விழுந்தது, ஐந்து நிமிட வேலை. சேவைக்கான பயனர் கணக்கை உருவாக்க யூசர்ஆட் ஸ்கிரிப்ட் வேண்டாம், ஒரு சிஸ்யூசர்ஸ் கோப்பு போதும். நல்லது.

இனி என் மனக்குறை. இத்தனை மாற்றத்தையும் நான் விதித் தொகுப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பில்ட் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். தொகுப்பு எப்போதும் நிகழ்காலத்தில் மட்டுமே பேசுகிறது. இன்றைக்கு எது சட்டமோ அது அங்கே இருக்கும். போன வருஷம் நீ படித்ததில் எது மாறியது என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. மாற்றங்களை அறிவிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அச்சு மை நாற்றத்தில் உட்கார்ந்திருப்பவள் காதுவரை அந்தத் தண்டோரா எட்டவேண்டுமே.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கொள்கைக் கையேட்டுக்குப் பதிப்பு எண் உண்டு. ஒவ்வொரு பேக்கேஜும், நான் இன்ன பதிப்பின் விதிப்படி சரிபார்க்கப்பட்டேன் என்று ஸ்டாண்டர்ட்ஸ் வெர்ஷன் என்ற வரியில் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும். கையேட்டின் பின்னிணைப்பில் பதிப்பு வாரியாக என்னென்ன மாறியது, எந்தப் பிரிவில் என்று ஒரு பட்டியல். என் எண்ணிலிருந்து இன்றைய எண் வரை படித்துக்கொண்டு வந்தால் முடிந்தது. எண் பழசானால் லின்டியன் கருவி சுட்டிக்காட்டும். டெபியனின் மற்ற சம்பிரதாயங்கள் எனக்கு ஒத்துவராது, அதனால் கட்சி மாறப் போவதில்லை. அந்தப் பின்னிணைப்பை மட்டும் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

இப்போதைக்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி: விதிமுறைகளின் மூலக் கோப்புகள், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (git) கருவியில்தான் இருக்கின்றன. அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாகப் படித்த தேதியை ஒரு தாளில் குறித்து மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு மாறுவதற்கு முன் அந்தத் தேதியிலிருந்து மாற்றப் பதிவை (லாக்) பார்ப்பேன். கிட் என்றதும் ஞாபகம் வருகிறது: பேக்கேஜின் மாற்ற வரலாறான சேஞ்ச்லாகையும் இப்போது கையால் எழுதவேண்டாம், கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் கமிட் செய்தியிலிருந்தே ஆட்டோசேஞ்ச்லாக் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் மாட்டிக்கொண்டேன். "சனியனே, மறுபடியும் அதே கமா" என்று நான் எரிச்சலில் எழுதிய கமிட், பதினொரு இயந்திரத்திலும் பேக்கேஜின் வரலாறாக ஏறிவிட்டது. சதுர அடைப்புக்குள் ஸ்கிப் சேஞ்ச்லாக் என்று எழுதினால் அது விட்டுவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஐந்துக்கு மூன்றரை. பைத்தான் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஒரு பேக்கேஜ் இன்னும் பாக்கி. காலண்டரின் பெரிய தேதி எண்களுக்காக நாங்களே வரைந்த எழுத்துரு. எழுத்துருவுக்கென்றே தனி விதி, தனி மேக்ரோ. பேக்கேஜ் பெயரின் முதலில் எழுத்து வார்ப்பகத்தின் பெயர் வரவேண்டும், பிறகு எழுத்துருக் குடும்பம், கடைசியில் ஃபான்ட்ஸ். குடும்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டேன். வார்ப்பகத்துக்கு என்ன போடுவது என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வார்ப்பகம்னா, ஈய எழுத்து வார்ப்பாங்களே, அதாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. இப்ப கம்ப்யூட்டர்ல செஞ்சாலும் அதே பேருதான்."

கொஞ்ச நேரம், ஈய எழுத்துகளை அடுக்கும் பழைய கேஸ் அலமாரி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே யூபிஎஸ் பேட்டரிகள் இருக்கின்றன. "எங்க அய்யா பேரப் போடும்மா" என்றார். விதிப்படி எல்லாம் சிறிய எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.