டிஜே வண்டிக்கு ஒரு 18 இஞ்ச்சா, ரெண்டு 12 இஞ்ச்சா?

முகூர்த்த சீசனுக்கு முன்னால் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்; இஞ்ச் என்பது அதன் விட்டம்) வாங்குபவர்கள் முழிப்பது இங்கேதான். ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு வகையையே எடுத்துக்கொள்வோம்.

பரப்பு (விட்டத்தின் வர்க்கத்தை வைத்து ஒப்பிட்டால்): இரண்டு 12-க்கு 12×12×2 = 288. ஒரு 18-க்கு 18×18 = 324. ஒன்பதில் ஒரு பங்குதான் குறைவு.

ஆழம்: 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது மிகத் தாழ்ந்த பேஸில், 18 தான் ராஜா. ஆனால் குத்துப்பாட்டின் அடி பெரும்பாலும் அதற்கு மேலேதான்.

தூக்குவது: 18 பெட்டி 40, 50 கிலோ வரும். லிஃப்ட் இல்லாத மாடி மண்டபத்தில் இரண்டு பேர் மூச்சு வாங்கவேண்டும். 12 பெட்டியை ஒருவரே ஏற்றிவிடலாம்.

பழுது: 18 போனால் பேஸே இல்லை. 12-ல் ஒன்று போனாலும் இன்னொன்று மானத்தைக் காப்பாற்றும்.

வைப்பது: இங்கே 12-க்காரர்கள் சறுக்குவார்கள். மேடைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் சில இடங்களில் பேஸ் ஓட்டை விழும். 50 ஹெர்ட்ஸ் அலை சுமார் 7 மீட்டர் நீளம். ஒரு பெட்டியைவிட இன்னொன்று அதில் பாதி, 3.5 மீட்டர், தள்ளியிருக்கும் இடத்தில் ஒன்றின் ஒலியை இன்னொன்று அமுக்கிவிடும். நானும் அப்படித்தான் வைத்தேன், மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு அடியே கேட்கவில்லை. ஒட்டி வையுங்கள்.

பிறந்தநாள், வீட்டு மாடி, தனி ஆள் வேலை என்றால் இரண்டு 12. திறந்தவெளி, வண்டியில் இரண்டு பையன்கள் என்றால் 18.