ஸ்டுவர்ட் குடும்பப் பெயர் வரலாற்றுத் தாள்: வாங்கியவரின் மதிப்பீடு

திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் நடத்தும் விடுதிக்கு ஆண்டுதோறும் வரும் ஸ்கொட்லாந்துத் தம்பதியருக்குப் பரிசளிப்பதற்காக, அவர்களது குடும்பப் பெயரான ஸ்டுவர்ட்டின் வரலாற்றை அச்சிட்டுச் சட்டமிட்ட தாள் ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்தேன்.

வரலாற்றுப் பகுதி நன்று. மண்டபக் காவலன் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், நம்மிடையே வழங்கிய வன்னிபம், உடையார் போல முதலில் ஒரு பதவியையே குறித்தது. பிரான்சின் பிரெத்தன் இன வழிவந்த வோல்டர் பிட்ஸ் அலன் 12ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து மன்னரின் தலைமை மேற்பார்வையாளராகி, அப்பதவி அவர் வழியினருக்கே உரித்தான பின்னர் அது பெயராக நிலைத்ததையும், அவ்வழியில் வந்தவரும் ரொபர்ட் புரூஸ் மன்னரின் பேரனுமான இரண்டாம் ரொபர்ட் 1371இல் அரியணை ஏறியதையும் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். 1795இல் நமது திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கிய கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டை மட்டும் காணவில்லை. அது என் ஆசையேயன்றி அவர்களது குறையன்று.

உண்மையான குறை, பொன்னிறக் கேடயத்தில் நீல வெள்ளைக் கட்டங்கள் கொண்ட சின்னத்தை "உங்கள் குடும்பச் சின்னம்" என்று அச்சிட்டிருப்பதாகும். ஸ்கொட்லாந்துச் சட்டப்படி அத்தகைய சின்னம் தனியொருவருக்கே உரியது. அதே பெயரைத் தாங்கிய எல்லாருக்கும் உரியதன்று. விருந்தினரே இதைச் சிரித்தபடி சுட்டிக்காட்டியபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

கடற்காற்றின் ஈரத்தில் தாளும் இரண்டு வாரங்களில் நெளிந்துவிட்டது. வாங்க விரும்புவோர் சட்டமில்லாமல் தருவித்து, இங்கேயே கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.