பிளக்கைக் கழற்றினால் பற்றாத ஹீற்றர்: எங்கள் மோட்டர் ஹோமோடு மூன்று குளிர்காலம்

போன கிழமை சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். அவளுடைய கணவர் இந்த ஆவணியோடு பென்சனில் போகிறார், மோட்டர் ஹோம்களின், அதுதான் படுத்துச் சமைத்துப் போகிற வீட்டு வண்டிகளின், விலையும் நாங்கள் வாங்கிய காலத்தைவிட நன்றாக இறங்கிவிட்டது, ஒன்றை வாங்கிக்கொண்டு உங்களைப்போல தை பிறந்ததும் தெற்கே இறங்கலாமா அக்கா என்று. ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அதில் முக்கால்வாசி ஹீற்றர் கதை. சரி, அதையே ஒழுங்காக எழுதிவைக்கிறேன், இனி யார் கேட்டாலும் இதைக் கொடுக்கலாம்.

வண்டி 2017ஆம் ஆண்டு மாடல், 24 அடி, ஃபோர்ட் ஈ-450 சேசிஸ், வி10 எஞ்சின், சாரதி இருக்கைக்கு மேலே பரண் மாதிரி ஒரு கட்டில். 2021இல் வாங்கினோம், கொரோனா முடிந்தும் முடியாமலும் எல்லோரும் மோட்டர் ஹோம் தேடி ஓடிய நேரம், அதனால் விலை கூடக் கொடுத்தோம். நவம்பர் 8ஆம் தேதி ஊசி போட்டவர்களுக்குத் தரைவழி எல்லையை அமெரிக்கா திறந்தது, அடுத்த தையில் முதல் பயணம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. 100 கிலோமீற்றருக்கு 26, 27 லீற்றர் பெற்றோல் குடிக்கும், அது தெரிந்துதான் வாங்கினோம். பரண் கட்டிலில் பேரப்பிள்ளைகள் படுப்பார்கள் என்று நினைத்தோம், இப்போது அதில் கம்பளிகளும் அரிசி மூட்டையும் இருக்கின்றன.

பொங்கலை வீட்டில் பொங்கிவிட்டு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து புறப்படுவோம். 401 நெடுஞ்சாலையில் வின்சர், பாலத்தால் டெட்ரோயிட், அங்கே ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒஹாயோ, கென்ரக்கி, ரெனிசி, ஜோர்ஜியா என்று அந்த ஒரே வீதி புளோரிடா வரைக்கும் கொண்டுபோய் விடும். தெற்கே வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வெயிலுக்குப் போய்ச் சேர மூன்று நாள் குளிருக்குள்ளால் ஓடவேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ் நிரப்பியிருப்போம், ஜோர்ஜியாவின் தென்பகுதிக்குப் போய்த்தான் அதைக் கழுவிவிட்டு நல்ல தண்ணீர் ஏற்றுவோம், அதுவரை போத்தல் தண்ணீரில்தான் சமையலும் பல்லு விளக்குவதும். அந்த மூன்று நாளும் இரவில் நிற்பது பெரும்பாலும் ஏதாவது பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தில். அங்கே மின்சாரம் கிடையாது. பற்றரியும் புரொப்பேன் வாயுவும்தான் துணை.

2022இல் கென்ரக்கியில் முதல் இரவு, வெளியே மைனஸ் 9. இரண்டு மணிக்கு மூக்கு நுனி விறைத்து எழும்பினேன். ஹீற்றரின் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் காலடித் துவாரத்தால் வருவது பச்சைக் குளிர்காற்று. “நீர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படும், நான் பாக்கிறன்” என்று இவர் ரோர்ச்சோடு இறங்கினார். புரொப்பேன் நிறைய இருந்தது. அடுப்பைத் திருகிப் பார்த்தால் நன்றாக எரிகிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார், இரண்டு நிமிடத்தில் உள்ளேயிருந்து டிக் டிக் என்று பொறி தட்டும் சத்தம், பிறகு குப்பென்று பற்றிச் சூடு வந்துவிட்டது. அந்த டிக் டிக்கை மூன்று குளிர்காலம் காது கொடுத்துக் கேட்டபடி படுத்திருக்கிறேன். விடை அன்றைக்கே எங்கள் முன்னால் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இந்த ஹீற்றர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விற்பவர்கள் சொல்லித்தர மாட்டார்கள். சுவரில் இருக்கும், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் விசிறி சுழலும், உள்ளே தேங்கிய வாயு ஏதாவது இருந்தால் அதை வெளியே தள்ளத்தான். அந்தக் காற்று வேண்டிய வேகத்தில் வந்தால் உள்ளே இருக்கிற ஒரு மெல்லிய தகடு தள்ளப்பட்டு ஒரு சுவிட்சைத் தொடும். செயில் சுவிட்ச் என்கிறார்கள், பாய்மரம் மாதிரிக் காற்றுக்கு அசைவதால். அது தொட்டால்தான் புரொப்பேன் வால்வு திறக்கும், பொறி தட்டும். பற்றரியின் வலு குறைந்தால் விசிறி சுழலும், ஆனால் தகடு அசையுமளவுக்குக் காற்று வராது. எங்களுடையதில் அதற்குப் பிறகும் விசிறி நிற்காது, இருக்கிற கொஞ்சப் பற்றரியையும் குடித்துக்கொண்டு விடியவிடியக் குளிரை ஊதும். விடியற்காலை நான்கு மணிக்குப் பற்றரி படுத்து, வாயுக் கசிவு பார்க்கும் கருவி வேறு கத்தத் தொடங்கும்.

திரும்பி வந்ததும் ஒரு பட்டறையில் விட்டோம். பெயர் வேண்டாம். முதல் தடவை தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டாம் தடவை உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டு. மூன்றாம் தடவை இரண்டு பற்றரிகளையும் மாற்றினார்கள், அதற்குப் பிறகு சில நாள் நன்றாக வேலை செய்தபடியால் தீர்ந்தது என்று நம்பிவிட்டோம். எல்லாமாக 1,900 கனேடிய டொலர் போனது. ஒவ்வொரு தடவையும் “நாங்கள் போட்டுப் பார்த்தோம் மேடம், வேலை செய்கிறது” என்று சாவியைத் தந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பட்டறை முற்றத்தில் நிற்கிற வண்டி ஒவ்வொன்றையும் பற்றரி இறங்காமல் இருக்க மின்சாரத்தில் செருகித்தான் வைத்திருப்பார்கள், அது சரியான பழக்கம், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். மின்சாரம் செருகியிருந்தால் வேலை செய்கிறது, பற்றரியில் மட்டும் பற்றுவதில்லை என்று மூன்று தடவையும் கையால் எழுதினேன். மூன்று தடவையும் ஒருவரும் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. எழுதியதை வாசிக்க ஒரு நிமிடம் போதும். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இனி நல்லதைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அநியாயம்.

வெளியே கூடாரத் துணியை இழுத்துவிட்டு அதன் கீழே சமைக்கிற சுகம் நான் எதிர்பார்க்காதது. சிடார் கீ என்று புளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே நீல நண்டு வாங்கி, உடைத்து, எங்கள் தூள் போட்டு முருங்கையிலை இல்லாமல் நண்டுக் கறி வைத்தேன். பக்கத்து வண்டியிலிருந்த கியூபெக் தம்பதி மணத்துக்கே எழும்பி வந்துவிட்டார்கள், பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள், கண்ணால் தண்ணீர் ஓட ஓட. கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். முதல் வருடம் டெட்ரோயிட்டில் எல்லை அதிகாரி என் பையிலிருந்து பச்சையிலையை எடுத்துவிட்டார், எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, தோடை (ஆரஞ்சு) மரங்களை அழிக்கிற ஒரு நோயைக் காவுகிற சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் இருப்பிடம். அந்த நோய் 2005இல் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்குப் பிறகு அங்கே தோடைச் செய்கை பெரும்பாலும் விழுந்துவிட்டது. காய்ந்துபோய் நிற்கிற தோட்டங்களை வழியில் பார்த்த பிறகு அந்த அதிகாரியில் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டாவது வருடம் ஐ-10 பிடித்து ரெக்சஸ் கரைக்குப் போய் பாட்ரே தீவிலும் நின்றோம். கடற்கரை அழகு, வடக்குக் காற்று பொல்லாதது, ஹீற்றர் வழமைபோல.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிது நான் மனாட்டி பார்த்த காலை. மன்னார்க் கடலில் இருக்கிற கடற்பசுவின் உறவுதான் அது. குளிர்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் அவை தாங்காது, ஆண்டு முழுக்க 22 பாகையில் ஊறுகிற நீரூற்றுகளைத் தேடி வரும். ஓக்காலா தேசியக் காட்டுக்குள் மின்சாரம் இல்லாத முகாமில் ஒரு இரவு விறைத்துக் கிடந்தோம். ஜெனரேற்றரை இரவு 10 மணிக்குப் பிறகு போடக்கூடாது, எஞ்சினையும் ஓடவிட்டு அயலில் படுத்திருப்பவர்களை எழுப்ப மனமில்லை. விடிந்ததும் புறப்பட்டு புளூ ஸ்பிரிங் பூங்காவுக்குப் போனோம். மரப்பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், கண்ணாடி மாதிரித் தண்ணீர், மேலே ஆவி எழும்புகிறது, அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒன்றின் முதுகில் படகு விசிறி வெட்டிய தழும்புகள் வெள்ளைக் கோடாக, ஏணிப் படி போல. அதன் கைக்குக் கீழே ஒரு குட்டி. தாய் மூக்கை மட்டும் மேலே நீட்டிப் புஸ் என்று மூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கியது, குட்டியும் அப்படியே செய்தது. இவர் என் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மணித்தியாலம் நின்றோம்.

இவர் 27 வருடம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். நான் பகலில். பிள்ளைகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்பிய நாட்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிகக் குறைவு. அந்த வண்டியில்தான் அது கிடைத்தது. ஹீற்றர் நின்ற இரவுகளில் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை கதைத்திருக்கிறோம், நான் கேட்டேயிராத பல கதைகளை இவர் அப்போதுதான் சொன்னார். அந்தக் கதைகள் எனக்குப் பெரிய சொத்து. அதற்காக ஹீற்றரை மன்னிக்க நான் தயாரில்லை. 68 வயது மனிதர், சீனி வருத்தம், கால் விரல்கள் ஏற்கெனவே மரத்துப்போகிறவர், அவர் குளிரில் மண்ணில் படுத்து வண்டிக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்க்கவேண்டி வந்தது.

கடைசியில் இந்த மாசியில், புளோரிடாவில் முகாமுக்கே வந்து திருத்துகிற ஒரு வயதான மெக்கானிக் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நேராக வெளியே போய் எங்கள் பிளக்கைக் கழற்றினார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. பற்றரியில் மீற்றரை வைத்தார், 12.4 வோல்ட். விசிறியை ஓடவிட்டு ஹீற்றரின் முனையில் வைத்தார், 10.9. ஒன்றரை வோல்ட் வழியில் எங்கேயோ தொலைகிறது. பற்றரியின் நெகற்றிவ் வயரைப் பிடித்துக்கொண்டே போனார், அது சேசிஸ் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது, பற்றரித் தட்டுக்குப் பின்னால், குனிந்தாலும் தெரியாத இடத்தில். வயரை அசைத்ததும் பச்சையும் மண்ணிறமுமாகப் பொடி கொட்டியது. உப்பு. தையில் ஒன்ராறியோ வீதிகளில் பனிக்குக் கொட்டுகிற உப்புக்குள்ளால் ஓடுகிற வண்டி அல்லவா, அது போல்ட்டைத் தின்றுவிட்டது. எஞ்சின் ஓடும்போதும் மின்சாரம் செருகியபோதும் மின்னோட்டம் வேறு வழியால் போனதால் இந்தப் பழுது ஒளிந்துகொண்டது. கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, வயர் முனையை மாற்றி, புதுப் போல்ட் போட்டு, மேலே கிறீஸ் பூசினார். ஒன்றரை மணித்தியாலம், 140 அமெரிக்க டொலர். அன்று இரவு பிளக் இல்லாமல் படுத்தோம். விசிறி சுழன்றது, டிக் டிக், குப்.

அப்போ, வாங்கலாமா? தங்கச்சி, நான் வாங்காதே என்றுதான் சொல்வேன். மனாட்டியும் நண்டுக் கறியும் உண்மைதான், ஆனால் வீட்டையும் வாகனத்தையும் ஒன்றாக உருட்டிக்கொண்டு போகும்போது இரண்டின் பழுதும் சேர்ந்து வரும், வழியில் அதைக் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துகிற ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். பயண மருத்துவக் காப்புறுதி எங்களுக்குப் பெற்றோல் செலவுக்குக் கிட்ட வருகிறது. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓகிப் அட்டை கைவிட்டுப் போகாமல் இருக்க 12 மாதத்தில் 212 நாளுக்குமேல் ஒன்ராறியோவுக்கு வெளியே நிற்கவும் கூடாது. புளோரிடா மாநிலப் பூங்காக்களில் 2024இலிருந்து அந்த ஊர்க்காரர் 11 மாதம் முன்பே இடம் பிடிக்கலாம், எங்களுக்குப் பத்து மாதம்தான், அதற்குள் மின்சாரம் உள்ள நல்ல இடமெல்லாம் போய்விடும். ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், போதும்.

நாங்கள் விற்கப்போகிறோமா என்றும் கேட்டாய். இல்லை. வாற தைக்குப் புளூ ஸ்பிரிங்கில் ஐந்து இரவு இவர் ஏற்கெனவே பதிந்துவிட்டார்.

அப்படியும் வாங்குவதென்றே முடிவெடுத்தால், விற்பவரின் முற்றத்தில் முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றச் சொல். எஞ்சினையும் நிறுத்தச் சொல். ஹீற்றரைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் உள்ளே இரு, அவர் எவ்வளவு கதைத்தாலும் இறங்காதே. பிறகு நெகற்றிவ் வயர் சட்டத்தில் எங்கே முடிகிறது என்று கேள். காட்டத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா, எங்கள் வண்டியில் அந்த இடத்தைக் காட்டுகிறேன், பழைய போல்ட்டும் கரண்டி லாச்சியில் இருக்கிறது.