ரீனல் டினர்வேஷன்: ஸ்பைரலா, பாரடைஸா?

நீர் பிரியும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை முழு அளவில் எடுத்தும் பிரஷர் இறங்காதவர்களுக்கு இன்று இரண்டு கருவிகள் முன்னே நிற்கின்றன: மெட்ரானிக் நிறுவனத்தின் சிம்ப்ளிசிட்டி ஸ்பைரல், ரீகோர் நிறுவனத்தின் பாரடைஸ். இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 நவம்பரில் அனுமதி தந்தது. தொடைத் தமனி வழியே உள்ளே போய், சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள, பிரஷரை ஏற்றும் நரம்புகளைச் சுட்டுப் பொசுக்குவதுதான் இரண்டின் வேலையும். இதற்குத்தான் ரீனல் டினர்வேஷன் என்று பெயர்.

ஸ்பைரல் ரேடியோ அலையால் சுடுகிறது. கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய் சுருள் வடிவில் இருக்கும்; அதில் நான்கு மின்முனைகள். ஒரு சூட்டுக்கு 60 விநாடி. கிளைத் தமனிகளுக்குள்ளும் போக முடிவது இதன் பெரிய பலம், ஏனென்றால் கிளைப்பக்கம் நரம்புகள் தமனிச் சுவரை ஒட்டி ஓடுகின்றன. மின்முனை சுவரில் சரியாகப் படியாவிட்டால் அந்த இடம் வேகாமல் தப்பிவிடும். இதே சிகிச்சையைச் சோதித்த சிம்ப்ளிசிட்டி ஹெச்.டி.என்.-3 ஆய்வு 2014இல் தோற்றதற்கு, ஒற்றை மின்முனையுடைய பழைய கதீட்டரால் சுற்றிலும் சுட முடியாமல் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பாரடைஸ் அல்ட்ராசவுண்ட் பலூன். ஏழே விநாடியில் சுற்றிலும் ஒரே வளையமாகச் சுடுகிறது. பலூனுக்குள் சுழலும் குளிர்நீர் உட்சுவரைக் காக்கிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் பலூன் அளவைத் தமனியின் விட்டத்துக்குச் சரியாகப் பொருத்த வேண்டும். முக்கியத் தமனி சீக்கிரமே கிளை பிரிந்தால் சுட இடம் போதாது.

இரண்டிலும் சுடும்போது வயிறும் முதுகும் கடுமையாக வலிக்கும். மயக்க மருந்தை முன்கூட்டியே, தாராளமாகக் கொடுக்கும் குழுவைத் தேடுங்கள். தமனி இறுகினால் தளர்த்த நைட்ரோகிளிசரின் மருந்து கைவசம் இருக்க வேண்டும். அதிகம் தொல்லை தருவது தொடையில் ஊசி போட்ட இடம்தான்: ரத்தக்கட்டு, வீக்கம். தமனி பிற்பாடு சுருங்குவது அரிது.

பலன்? ரேடியன்ஸ் 2 ஆய்வில் மாத்திரை நிறுத்தியவர்களிடம், பாரடைஸ் பகல்நேர மேல் அழுத்தத்தைப் போலிச் சிகிச்சையைவிட (சுடாமல் சிகிச்சை போலவே செய்துகாட்டுவது) 6.3 புள்ளி கூடுதலாக இறக்கியது. ஸ்பைரலின் மாத்திரையில்லா ஆய்வில் 24 மணி நேர வித்தியாசம் 3.9. அளந்த விதம் வேறு என்பதால் இதை வைத்து வெற்றி தோல்வி சொல்லக் கூடாது. ஏறக்குறைய ஒரு மாத்திரையின் வேலை என்று கொள்ளலாம். நரம்பு உண்மையில் பொசுங்கியதா என்று சிகிச்சை மேசையிலேயே உறுதிசெய்ய வழியில்லாததுதான் இரண்டுக்கும் பெருங்குறை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் 24 மணி நேர பிரஷர் பதிவு, ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம் (ஹார்மோன் கோளாறைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), குறட்டை உள்ளவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையை இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லையென்றால் முதலில் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சிகிச்சை முடிந்த கையோடு மாத்திரையை நிறுத்தவே கூடாது. அழுத்தம் இறங்கப் பல வாரங்கள் ஆகும்.